பதினொரு கீபோர்டுகள்

கீபோர்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் சகாயமேரி. ஸ்பேஸ் பார் வலது பக்கம் பளபளத்தால் வலது கட்டைவிரல்காரர். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வேலைக்கு உட்காருகிறவர், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடிக்கிறவர், யோசிக்கும்போது நகத்தால் கீயைச் சுரண்டுகிறவர், எல்லாரும் அவளுக்குத் தெரிவார்கள். தமிழில் அடிப்பவர்களுக்கு முதலில் அழிவது புள்ளி வைக்கிற கீ. எழுத்தெல்லாம் அழிந்து வெறும் கறுப்பாக மினுங்கும் கீபோர்டு வந்தால், ‘இந்த ஆள் சோறு தின்ன எழுந்தாரா இல்லையா’ என்று நினைத்துக்கொள்வாள்.

திருவெறும்பூர் பக்கம் நிறைமதி டேட்டா என்ற கம்பெனியின் பின்கட்டில் அவளுக்கு வேலை. எந்திரங்கள் பொய்ப் பத்திரங்களையும் பொய் மருத்துவக் குறிப்புகளையும் மலை மலையாக எழுதிக் குவித்து நாடு ஒருமுறை பட்டபாட்டுக்குப் பிறகு, கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற எந்தக் காகிதமும் மனிதக் கையால் டைப் செய்யப்பட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நிறைமதிக்காக நாலாயிரம் பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து அடித்தார்கள். கீபோர்டைக் கம்பெனியே கொடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதியது போகும், பழையது திரும்பி வரும்.

திரும்பி வருவதைச் சுத்தம் செய்யும் இடம் என்றுதான் வாசல் பலகையில் எழுதியிருந்தது. உள்ளே நடந்தது வேறு. சகாயமேரி கீகளின் மேல் மூடிகளைக் கழற்றுவாள். பாதி மூடிகளை ஸ்பிரிட் குப்பியில் போட்டுக் குலுக்கினால், அடித்தவரின் விரல் எண்ணெய் கரைந்து இறங்கும். குப்பியை ஒரு எந்திரத்துக்குள் வைப்பாள். அதற்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. எல்லாரும் ‘மூக்கு’ என்றார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும்.

சிவப்பு என்றால் நடுக்குவாதம். கை நடுங்கத் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கலாம், ஆனால் தோலின் எண்ணெய் அதற்கு முன்பே மாறிவிடுகிறது. மூக்கு அதை மோப்பம் பிடித்துவிடும். சிவப்பு வந்தவருக்கு அந்த மாதக் கடைசியில், ‘பணித் தேவை குறைந்திருப்பதால் தங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை’ என்று ஒரு கடிதம் போகும். ஏன் என்று அவருக்குத் தெரியாது. சோதிக்கப்பட்டதே தெரியாது.

சகாயமேரிக்கு முப்பத்தெட்டு வயது. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்துவிட்டு இங்கே வந்தவள். வந்த புதிதில் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. நாளாக ஆக, குப்பி, விளக்கு, சீட்டு என்று கை தானாகச் செய்யப் பழகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கீபோர்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. ‘புள்ளி கீ சரியாக விழவில்லை. முடிந்தால் இதையே சரிசெய்து திருப்பி அனுப்பவும். கை பழகிவிட்டது. வேதநாயகி, லால்குடி.’

கீபோர்டோடு யாரும் சீட்டு அனுப்பியதில்லை. சகாயமேரி அதை இரண்டு தடவை படித்தாள். மூடிகளில் பாதிக்கு மேல் எழுத்தே இல்லை. எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகி, இடுக்கிக்கு ஒன்றும் அசையவில்லை. கையுறை விரல் வழுக்கியது. இறுகிப்போன கீபோர்டுகளுக்கு எப்போதும் செய்வதையே இதற்கும் செய்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மூடியையும் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பிடித்து நெம்பி எடுத்தாள்.

பக்கத்து மேஜைப் பர்வீன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, டின்னை மூடிட்டு வேலையப் பாருங்களேன். ஸ்பிரிட் நாத்தத்துல கண்ணு எரியுது.”

“எனக்குப் பழகிப்போச்சுடி” என்றாள் சகாயமேரி.

பன்னிரண்டு நிமிடம் கழித்துச் சிவப்பு எரிந்தது.

அவள் மேஜையில் இது பதினொன்றாவது சிவப்பு. ஸ்பேஸ் பார் குப்பிக்குள் நுழையாது. அதையும் குப்பியில் போடாத மீதி மூடிகளையும் ஒரு உறையில் போட்டு, பெயர் எழுதி அலமாரியில் வைக்க வேண்டும். பின்னால் யாராவது வழக்குப் போட்டால் கையில் இருக்கட்டும் என்று ஒரு வருடம் வைத்திருப்பார்கள். பெயரை எழுதும்போது பதிவேட்டில் வயதைப் பார்த்தாள். முப்பத்தொன்று.

சீட்டை எடுத்துக்கொண்டு துரைக்கண்ணு சாரிடம் போனாள். அவர்தான் பின்கட்டுக்கு மேலாளர். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவர் கீபோர்டின் மேல் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கும். அதன் மேலேதான் அடிப்பார்.

“சார், இந்தப் பொண்ணுக்கு முப்பத்தொரு வயசுதான் சார்.”

“ம். எழுதி அனுப்பிரு.”

“அந்த ஊசி முதல் வருஷத்துக்குள்ள போட்டாத்தான் கேக்கும்னு நீங்கதான சொன்னீங்க? இப்பவே சொல்லிட்டா நோய் அப்படியே நின்னுரும். கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலேயே போடறாங்க.”

துரைக்கண்ணு கண்ணாடியைக் கழற்றினார். “சொல்றோம்னே வெச்சுக்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. கீபோர்டுலேருந்து எண்ணெய் எடுத்துப் பாத்தோம்னு சொல்லணும். யாரைக் கேட்டு எடுத்தீங்கம்பா. மறுநாள் நாலாயிரம் பேரும் வாசல்ல நிப்பாங்க. அவங்களுக்கு நீ பதில் சொல்வியா, நான் சொல்லவா?”

“அதுக்காக…”

“நாம ஆஸ்பத்திரி நடத்தல மேரி.”

“வேலையை விட்டு அனுப்பறதுக்கு மட்டும் நோயைப் பாக்கறோமே சார்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. “கோர்ட்டுக் காயிதத்துல ஒரு எழுத்து தப்புனா கம்பெனிதான் பதில் சொல்லணும். கை நடுங்கறவங்கள வெச்சுக்க முடியாதுங்கறாங்க மேல. நான் என்ன செய்ய? போய் வேலையப் பாரு” என்றார். பிறகு, அவள் கதவருகில் போனதும், “அந்த அட்ரஸ எல்லாம் மனசுல வெச்சுக்காத” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சகாயமேரி லால்குடி பஸ் ஏறினாள். கணவன் அருளப்பனிடம், தன்னோடு வேலை செய்கிறவள் வீட்டில் விசேஷம் என்று சொல்லியிருந்தாள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது வீடு. வேதநாயகி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உயரமான, கைகால் திடமான பெண். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அவள் முகம் மாறியது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியிலேயே கொண்டுவந்து போட்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

சகாயமேரி சுற்றி வளைக்காமல் சொன்னாள். கீபோர்டு, எண்ணெய், மூக்கு, சிவப்பு விளக்கு, மாதக் கடைசியில் வரப்போகிற கடிதம், ஊசி. சொல்லி முடித்தபோது வேதநாயகி அசையாமல் நின்றிருந்தாள். அந்த அமைதியில்தான் சகாயமேரிக்கு அது கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து கீபோர்டு சத்தம், நல்ல வேகமாக, நிற்காமல்.

“உள்ள யாரு டைப் பண்றது?”

சத்தம் நின்றது. கைலியும் பனியனுமாக ஒரு மனிதர் வெளியே வந்தார். காதோரம் நரைத்திருந்தது.

“தண்டபாணி. இவ வீட்டுக்காரன்” என்றார். “எனக்கு நாப்பத்தேழு. நாப்பத்தஞ்சுக்கு மேல உங்க ஆளுங்க எடுக்கறதில்ல. அதான் வேலை இவ பேர்ல. காலையில இவ அடிப்பா, மத்தியானத்துலேருந்து நான். தப்புதான். மறைச்சுட்டோம்.” சகாயமேரி பக்கம் திரும்பினார். “நீங்க சொன்னதெல்லாம் கேட்டுச்சு. அப்ப அது எனக்குத்தான் இருக்கும்.”

“அதெப்படி நீங்களே சொல்றீங்க?” என்றாள் வேதநாயகி. “மேடம், யாருக்குன்னு உங்க மெஷின் சொல்லாதா?”

“ரெண்டு பேர் எண்ணெயும் கலந்து இருக்கும்மா. ஒருத்தருக்கு இருந்தாலும் சிவப்புதான் காட்டும்.”

“ஆஸ்பத்திரிக்குப் போனா?”

“பேர் எழுதிட்டு வந்தா மூணு மாசம் கழிச்சுக் கூப்பிடுவாங்க. அங்க அவ்வளவு கூட்டம். மூக்குல வெச்சுப் பாத்த சிவப்புச் சீட்டு கையில இருந்தா மட்டும் நேரா உள்ள விடுவாங்க. ஆனா யாருன்னு தெரியாம யார் பேர்ல நான் சீட்டு தர்றது?” சகாயமேரி யோசித்தாள். “ரெண்டு பேரும் ஸ்பேஸ் தட்டற மாதிரி தட்டிக் காட்டுங்க.”

இருவரும் தங்கள் தொடையில் தட்டிக் காட்டினார்கள். அவர் இடது கட்டைவிரலால் தட்டினார். அவள் வலது.

“ஸ்பேஸ் பார் எங்கிட்டப் பத்திரமா இருக்கு. இடது பக்கத்தத் தனியா, வலது பக்கத்தத் தனியாத் துடைச்சுப் பாக்கறேன். ஒரு வாரம் குடுங்க” என்றாள் சகாயமேரி.

உடனே முடியவில்லை. அந்த வாரம் முழுக்கத் துரைக்கண்ணு சார் கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை மதியம், அவரும் பர்வீனும் சாப்பிடப் போன நேரத்தில், சகாயமேரி பதினொன்றாவது உறையைப் பிரித்தாள். இந்த முறை கவனமாகப் புதுக் கையுறை போட்டு, ஸ்பேஸ் பாரை இடுக்கியால் பிடித்துக்கொண்டாள். இடது பக்கத்து மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்துக் குப்பியில் போட்டாள். பன்னிரண்டு நிமிடம். பச்சை.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்படியென்றால் அந்தப் பெண்தான். வலது பக்கத்தைத் துடைத்தாள். மறுபடி பன்னிரண்டு நிமிடம்.

அதுவும் பச்சை.

மூக்குதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். உறையில் இருந்த ‘க’ மூடி ஒன்றை அப்படியே முழுசாகக் குப்பியில் போட்டாள். சிவப்பு. ‘த’ மூடியை எடுத்து, விரல் படும் மேற்பரப்பை மட்டும் துடைத்துப் போட்டாள். பச்சை. அதே மூடியின் பக்கவாட்டைத் துடைத்துப் போட்டாள்.

சிவப்பு.

டைப் அடிக்கிறவரின் விரல் மூடியின் பக்கவாட்டில் படுவதில்லை. அங்கே விரல் வைப்பவர் ஒருவர்தான், அதைப் பிடுங்கி எடுக்கிறவர்.

சாப்பிட்டு வந்த பர்வீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். “என்னக்கா இது! டின்னு கவுந்து உங்க கால்கிட்ட ஓடுது, வாடை கூடத் தெரியலயா உங்களுக்கு?”

சகாயமேரி குனிந்து பார்த்தாள். மேஜைக்குக் கீழே தரை நனைந்திருந்தது. நன்றாக மூச்சை இழுத்தாள். எதுவும் வரவில்லை. தண்ணீர் கொட்டிக் கிடப்பது போல இருந்தது. பால் அடிபிடித்து வீடே புகைந்தபோது அருளப்பன் கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தது நினைவுக்கு வந்தது. அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ‘உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா’ என்று அவன் கேட்டான். சிரித்தார்கள். அது ஆடி மாதம். இந்த நோய் கைக்கு வருமுன் வாசனையைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று துரைக்கண்ணு சார் ஒருமுறை சொல்லியிருந்தார்.

பர்வீன் தரையைத் துடைக்கும்போது, சகாயமேரி பெட்டியிலிருந்து யாரும் தொடாத ஒரு புது மூடியை எடுத்து, தன் கட்டைவிரலில் நன்றாகத் தேய்த்து, குப்பியில் போட்டாள். விளக்கு எரியும்வரை காத்திருக்கவே தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் காத்திருந்தாள்.

தனக்கு வந்திருப்பது என்ன என்று அவள் அப்போது நினைக்கவில்லை. அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கீபோர்டுக்கும் அவள் கையுறையைக் கழற்றுவதில்லை. இடுக்கிக்கு அசையாமல் இறுகிப்போனவற்றுக்கு மட்டும்தான். எந்தக் கீபோர்டு அப்படி இறுகும்? ஓயாமல் அடிக்கிறவருடையது. நாலாயிரம் பேரில் யார் யார் மற்றவர்களைவிட அதிகம் உழைத்தார்களோ, அவர்களாகப் பார்த்து அவள் விரல் வேலையைப் பறித்திருந்தது. முதல் சிவப்பு விழுந்தது தையில். ஒன்பது மாதம்.

துரைக்கண்ணு சார் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லால்குடி போனதையும் சொன்னாள்.

“முதல்ல உன் உடம்பப் பாரு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, சீட்டு நான் எழுதித் தர்றேன். ஒன்பது மாசம்னா இன்னும் நேரம் இருக்கு. லீவு எவ்வளவு வேணாலும் எடுத்துக்க” என்றார். “லால்குடிப் பொண்ணு இன்னும் மேல போகல. பச்சைன்னு மாத்திரலாம்.”

“மத்த பத்து பேரு சார்?”

“அது போனது போனதுதான்.”

“திருப்பிக் கூப்பிட்டுக்கக் கூடாதா?”

“ஏன் கூப்பிடறோம்னு எழுதணுமே மேரி. என்னன்னு எழுதுவ?”

“உள்ளத எழுதுவேன்.”

“எழுதினா, எண்ணெய் பாக்கறது வெளிய வரும். உன் வேலை போகும், எனக்கு பென்ஷன் போகும். அந்தப் பத்துப் பேருக்கு இப்ப வேற வேலை கிடைச்சிருக்கும்.” சொன்னதை அவராலேயே நம்ப முடியவில்லை என்பது குரலில் தெரிந்தது. அலமாரிச் சாவி மேஜை மேல் கிடந்தது. அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

பதினொரு உறைகளும் சாப்பாட்டுப் பைக்குள் சுலபமாக அடங்கின.

மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு, அங்கிருந்து நேராக லால்குடிக்குப் போனாள். அருளப்பனும் கூட வந்தான். முந்தின நாள் சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அவன் அவள் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “ஒண்ணும் தெரியலயே” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தான்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல” என்றாள் சகாயமேரி, வாசலில் நின்றபடியே.

வேதநாயகி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை நின்ற பிறகுதான் பேச்சு வந்தது. “ஒம்போது நாளா நான் இவரு கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேங்க்கா. சோறு பிசையறப்ப, சட்டைக்குப் பட்டன் போடறப்ப. டம்ளரத் தூக்குனா மனசு திக்குங்கும். இவரு எங்கையப் பாக்கறாரு, நான் பாக்கறது தெரிஞ்சா திரும்பிக்கறாரு. ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல.”

“எனக்கே இருக்கட்டும்னு நான் வேண்டாத சாமி இல்ல” என்றார் தண்டபாணி. பிறகுதான் அவருக்குத் தோன்றியது. “அப்ப சிவப்பு எப்படி வந்துச்சு?”

சகாயமேரி சொன்னாள். அவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு அருளப்பனைப் பார்த்தார். “உள்ள வாங்க” என்றார். முதல் முறையாக அந்த வீட்டுக்குள் போனாள். ஜன்னலோரம் மேஜையும் கம்பெனிக் கீபோர்டும், அதற்கு முன்னால் இரண்டு நாற்காலிகளும் இருந்தன.

“தொழிலாளர் ஆபீஸ்ல இந்த உறையையெல்லாம் குடுக்கப் போறேன். உங்களோடத மட்டும் எடுத்து வெச்சிடறேன். ஸ்பேஸ் பாரப் பாத்தா ரெண்டு ஆளுன்னு தெரிஞ்சிரும். பத்தே போதும்” என்றாள்.

“பதிவேட்டுல பதினொண்ணுன்னுதான இருக்கும்? ஒண்ணு எங்கன்னு கேட்டா உங்களத்தான் சந்தேகப்படுவாங்க” என்றார் தண்டபாணி.

வேதநாயகி எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். “எங்களோடதையும் குடுங்கக்கா. ஒளிஞ்சு ஒளிஞ்சு டைப் பண்ணி அலுத்துப்போச்சு. கம்பெனி ஃபோன் வந்தா இவரு இருமக்கூட மாட்டாரு, எங்க ஆம்பளக் குரல் கேட்டுருமோன்னு. என் வீட்டுக்காரரு என் வீட்டுல இருமக் கூடாதா?”

தொழிலாளர் அலுவலகத்தில் இந்திராணி என்ற அதிகாரி மனுவை வாங்கினார். நிதானமாகப் படித்தார். உறைகளை ஒவ்வொன்றாக எண்ணி மேஜை மேல் அடுக்கினார்.

“பக்கவாட்டுல இருக்கிற எண்ணெய்தான் காரணம்னு எழுதியிருக்கீங்க. யாரோடதுன்னு எழுதல. தெரிஞ்ச ஆளா?”

சகாயமேரி தன் கைகளை மேஜை மேல் வைத்தாள். “என்னோடது மேடம்.”

இந்திராணி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு மனுவைத் திருப்பி அவளிடம் நீட்டி, “அதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றார்.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. உறைகளில் இருந்த மூடிகள் சென்னையில் அரசு ஆய்வகத்துக்குப் போயின. நிறைமதியின் வக்கீல்கள், மூடிகளைத் திருடியது குற்றம் என்றார்கள். அது குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டு சகாயமேரி வேலையிழந்தாள். துரைக்கண்ணு சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், பென்ஷன் போகவில்லை. எண்ணெய் சோதிப்பதைக் கம்பெனி நிறுத்தவும் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சோதிக்கிறார்கள். நாலாயிரம் பேரில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் அதைப் படிக்காமலேயே போட்டார்கள். படித்தவர்களும் போட்டார்கள்.

ஒப்பந்தத்தை மீறியதால் வேதநாயகிக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கணவனும் மனைவியும் லால்குடி கோர்ட் எதிரில் ஒரு மேஜை போட்டு மனு டைப் செய்து தருகிறார்கள். தண்டபாணி தாராளமாக இருமிக்கொள்கிறார் என்று அவள் ஃபோனில் சொன்னாள்.

ஊசி பதினைந்து நாளுக்கு ஒன்று. நோய் நின்றுவிட்டது என்றார் டாக்டர். போன வாசனை திரும்பாது என்றும் சொன்னார். அருளப்பன் இப்போதெல்லாம் அடுப்பில் பால் இருந்தால் வேறு வேலைக்குப் போவதில்லை.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை இந்திராணி கூப்பிட்டு அனுப்பினார். ஆய்வகத்தின் அறிக்கை வந்திருந்தது.

“நீங்க சொன்ன மாதிரியேதாம்மா. மேல பச்சை, பக்கத்துல சிவப்பு. உங்க லால்குடிக்காரங்களத் தவிர மத்த ஒம்போது பேரையும் திரும்ப எடுத்துக்கச் சொல்லி இன்னிக்கே உத்தரவு போகுது.” 

“ஒம்போதா? பத்து பேராச்சே மேடம்.”

இந்திராணி காகிதத்தின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “ஏழாவது உறை. இதுல பக்கவாட்டும் சிவப்பு, மேலயும் சிவப்பு. ஸ்பேஸ் பார்லயும் சிவப்பு. இவருக்கு நிஜமாவே இருக்கு.”

பொன்னுரங்கம், வயது நாற்பத்து மூன்று, துறையூர். சிவப்பு விழுந்தது ஆடியில். எட்டு மாதம் ஆகியிருந்தது. மூக்கு கண்டுபிடித்த அன்று நோய்க்கு எத்தனை நாள் வயது என்று யாருக்கும் தெரியாது. நான்கு மாதம் மிச்சம் இருக்கலாம், ஒரு வாரமும் இருக்கலாம்.

“முறைப்படி கடிதம் அனுப்புவோம்” என்றார் இந்திராணி. “கையெழுத்தாகி, தபால்ல போய்…”

“எனக்கு ஒரு நகல் மட்டும் குடுங்க மேடம். நான் போறேன்.”

துறையூரில் அவள் இறங்கியபோது மணி இரண்டு. விசாரித்துக்கொண்டு போனாள். பொன்னுரங்கம் ஒரு விதைக்கடையில் இருந்தார். ஒல்லியான மனிதர். பொட்டலங்களில் பெயரெழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். எழுத்து அச்சடித்தது போல இருந்தது. சகாயமேரி கொஞ்சநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுக்கம் ஒன்றும் இல்லை.

“என்ன விதைம்மா வேணும்?”

“நிறைமதி கேஸ் விஷயமா வந்திருக்கேங்க. என் பேரு சகாயமேரி.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தார். “நீங்கதானா அது! உங்க கை எண்ணெயால வந்த வினைன்னு கேள்விப்பட்டேன். இருக்கட்டும்மா, உங்க மேல எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. வலிய வந்து ஒத்துக்கிட்டீங்களே. என்னை மாதிரியே வேலை போன முசிறிக்காரருக்கு இப்பத்தான் ஆர்டர்னு ஃபோன் வந்துச்சாம், சொன்னாரு. எனக்கும் வந்துருமில்ல? என் பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல, காயிதத்தக் கையில குடுத்துச் சொல்லலாம்னு.”

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று நான்கைந்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“உங்களுக்கு ஆர்டர் வராதுங்க. கொஞ்சம் உக்காருங்க” என்றாள்.

அவர் உட்காரவில்லை. கடைக்காரர் உள்ளே மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். சகாயமேரி நகலைப் பிரித்து, ஏழாவது வரியில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். கோர்ட்டுக் காகிதம் அடித்துப் பழகியவர், அவசரப்படவில்லை.

“மத்தவங்களுக்கெல்லாம் தப்பாச் சொல்லிட்டு, எனக்கு மட்டும் சரியாச் சொல்லியிருக்கீங்க” என்றார் கடைசியில்.

“ஆமாங்க. சொல்லவேண்டியவங்க கிட்டதான் சொல்லல. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.” நகலை அவர் பக்கம் நகர்த்தினாள். “எனக்கும் இதே நோய்தாங்க. ஊசி போட்டுக்கிட்டிருக்கேன், நின்னுருச்சு. நாளைக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எனக்கு முறை. நீங்களும் வந்துருங்க. இந்தச் சீட்டு இருந்தா காத்திருக்க வேண்டாம்.”

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். பேனா மூடியை எடுத்து மூடினார். பாதி எழுதிய பொட்டலத்தைப் பார்த்தார். மறுபடி பேனாவைத் திறந்து, அந்தப் பெயரை எழுதி முடித்து, ஒட்டி வைத்தார்.

“வலிக்குமா?” என்றார்.

“முதல் நாள் கொஞ்சம் வலிக்கும்.”

“எத்தன மணிக்கு வரணும்?”

“எட்டுக்குத் திறப்பாங்க.”

“அப்ப ஆறு மணி வண்டியப் பிடிக்கணும்” என்றார் அவர். “அது இங்கேருந்துதான் கிளம்புது. உக்கார இடம் கிடைக்கும்.”